பட்டம் முதல் சீட் பெல்ட் வரை: ஒரு சாதாக் கரையின் வரலாறு

மலர்க் குழுவினர் "நம்ம வட்டார வரலாறு பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டபோது, அவர்கள் மனத்தில் இருந்தவை காஞ்சியின் பல்லவர் கோயில்களும் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுசரும்தான் என்று நினைக்கிறேன். அவற்றைப் பற்றி எழுத நம்மிடையே தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது மிகச் சாதாரணமான ஒரு பொருள். மூன்று விரல், நான்கு விரல் அகலத்தில், பூவேலை எதுவும் இல்லாமல் நெய்த வெறும் பட்டை. இதற்கெல்லாம் ஒரு வரலாறா என்று சிரிக்க வேண்டாம். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நாம் எல்லோருமே அந்தப் பட்டையின் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறோம்.

பட்டம் என்றால் இன்று நமக்கு பி.ஏ., பி.எஸ்ஸி. என்ற எழுத்துகள். ஆனால் அந்தச் சொல்லின் பழைய பொருள் நெற்றியில் கட்டும் பட்டை. துணியாகவும் இருக்கலாம், பொன் தகடாகவும் இருக்கலாம். அரசனாகும்போது அதைக் கட்டினார்கள். அதனால்தான் இன்றும் 'பட்டம் கட்டினார்கள்', 'பட்டத்துக்கு வந்தான்' என்கிறோம். பட்டதாரி என்றால் பட்டத்தைத் தரித்தவன். பட்டை, பட்டயம் எல்லாம் இந்தச் சொல்லின் பங்காளிகள். கோயிலில் பெரிய மனிதர்களுக்குத் தலையில் கட்டும் பரிவட்டமும் ஒரு துணிதான். இத்தனை மரியாதை பெற்ற பட்டையை யார் நெய்தார்கள், எப்படி நெய்தார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் சொல்ல ஆள் இல்லை.

வீட்டுக்குள் வந்தால் அதே பட்டைக்கு 'நாடா' என்று பெயர். பாவாடை நாடா, பைஜாமா நாடா, கட்டில் நாடா. அரிக்கேன் விளக்கில் மண்ணெண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவந்த தட்டைத் திரியும் நெய்த நாடாதான். கரண்ட் போன ராத்திரிகளில் அதன் கருகிய நுனியைக் கத்தரித்துவிட்டுப் படித்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அரசு அலுவலகங்களில் கோப்புகளைக் கட்டிய சிவப்பு நாடாவைச் சொல்லவே வேண்டாம். நம் மனு ஏன் நகரவில்லை என்பதற்கு அது ஒரு மறுபெயராகவே ஆகிவிட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. தமிழில் நாடா என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நெசவாளி பாவுக்குள் இப்படியும் அப்படியும் ஓட்டுகிற, ஊடை நூலைச் சுமந்து செல்லும் அந்தக் கருவிக்கும் நாடா என்றுதான் பெயர். பள்ளி வரலாற்றுப் பாடத்தில் "1733-ல் ஜான் கே பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்தார்" என்று மனப்பாடம் செய்தோமே, அந்த நாடா இது. நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது சட்டென்று புரிந்தது. மற்ற பையன்களுக்கு ரிப்பன் ஒன்று காற்றில் பறக்கிற காட்சிதான் கண்ணில் வந்திருக்கும்! வாத்தியாரும் விளக்கிச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

நெசவு பீரியடு

எங்கள் காலத்தில் சில உயர்நிலைப் பள்ளிகளில் நெசவுக்கென்று ஒரு ஆசிரியர், ஒரு பீரியடு உண்டு. 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் மிச்சம் அது. தக்ளியில் நூல் நூற்பது, பிறகு சிறு தறியில் நாடா நெய்வது. பெரிய தறிக்கு இடமும் பணமும் வேண்டும். நாடாவுக்கு ஒரு பெஞ்சு போதும்.

அந்தச் சிறு தறியின் அமைப்பு மிக எளிது. ஒரு சின்னப் பலகை. அதில் நீளமான பிளவு ஒன்று, நடுவில் துளை ஒன்று என்று மாறி மாறி வரும். பாவு நூலில் பாதியைத் துளைகளிலும் பாதியைப் பிளவுகளிலும் கோர்க்க வேண்டும். பாவின் ஒரு முனையைத் தூணிலோ சன்னல் கம்பியிலோ கட்டு. மறு முனையை உன் இடுப்பில் கட்டு. பலகையைத் தூக்கினால் துளையில் உள்ள நூல்கள் மேலே போகும், பிளவில் உள்ளவை கீழே நிற்கும். நடுவில் ஒரு வாய் திறக்கும். அதில் ஊடையை விடு. பலகையை அழுத்தினால் மறு வாய் திறக்கும். மறுபடி விடு. தட்டைக் கட்டையால் ஓர் அடி. அவ்வளவுதான். நாகாலாந்திலும் மிசோரத்திலும் பெண்கள் இடுப்பில் கட்டி நெய்யும் தறியும் இதே தத்துவம்தான். பர்மாவில் பனையோலைச் சுவடிகளைக் கட்டுவதற்காக எழுத்துகளையே நெய்த நாடாக்கள் இருந்தன. அது இன்னும் ஒரு படி மேலே.

எளிது என்று சொன்னேன். அதில் ஒரு பொடி உண்டு. நாடாவில் பாவு நெருக்கமாக இருப்பதால் ஊடை வெளியே தெரியாது. ஓரத்தில் மட்டும் திரும்பும். அந்தத் திருப்பத்தில் எவ்வளவு இழுக்கிறாய் என்பதுதான் முழு வித்தை. ஒரு பங்கு கூடுதலாக இழுத்தால் நாடா சுருங்கும்; தளர்த்தினால் அகலும். ஒரு முழம் நெய்து முடித்துப் பார்த்தால் இரை விழுங்கிய பாம்பு மாதிரி இருக்கும். பூவேலை இருந்தால் கண் பூவின் மேல் போய்விடும், ஓரக் கோணல் தெரியாது. வெறும் நாடாவில் மறைக்க இடமே இல்லை. நெசவு வாத்தியார் மதிப்பெண் போடும்போது நாடாவை மேசை மேல் நேராக விரித்து, பக்கத்தில் ஸ்கேலை வைப்பார். அது போதும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் வரப்போகும் காஞ்சிபுரம் கரையின் கதை முழுவதும் இந்த ஓரத் திருப்பத்தில்தான் இருக்கிறது.

ரிப்பன் ஊர், கார் ஊர்

இயந்திரம் முதலில் கைவைத்த துணி எது என்று கேட்டால் பலரும் மான்செஸ்டர், லங்காஷயர் என்பார்கள். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் நாடாத் தறி இயந்திரமாகிவிட்டது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்தின் லைடன் நகரில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல நாடாக்களை நெய்யும் தறி புழக்கத்துக்கு வந்தது. காரணம் எளிமையானது. அகலத் துணியில் நாடாவை (கருவியைச் சொல்கிறேன்) கையால் வீசிப் பிடிக்க வேண்டும். ரிப்பனில் அது போக வேண்டிய தூரம் இரண்டு அங்குலம். கை வேண்டாம், ஒரு பல்சட்டம் தள்ளினால் போதும். அப்படிப் பத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே தள்ளலில் பத்து ரிப்பன்.

பத்துப் பேர் வேலை போச்சு என்று நெசவாளர்கள் கொதித்தார்கள். லைடனில் கலவரம் நடந்தது. ஜெர்மன் பகுதிகளில் 1685-ல் அந்தத் தறிக்குத் தடையாணையே போட்டார்கள். ஹாம்பர்க்கில் நகர மன்ற உத்தரவுப்படி நடுத்தெருவில் வைத்து எரித்தார்கள். டான்சிக் நகரில் இதை முதலில் கண்டுபிடித்தவனை, ஏழைகள் பிச்சைக்காரர்களாகிவிடுவார்கள் என்று பயந்து நகர சபையே ரகசியமாகக் கொன்றுவிட்டது என்றொரு கதையும் உண்டு. கதையோ நிஜமோ, கார்ல் மார்க்ஸ் இதைத் தம் மூலதனம் நூலில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். தொழிலாளிக்கும் இயந்திரத்துக்கும் நடந்த சண்டைகளில் ஆரம்பகாலச் சண்டை ஒன்று இந்த அற்ப ரிப்பனுக்காக நடந்தது என்பது பொருளாதாரம் படித்த நமக்கே பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்று ஒரு நகரம். பட்டு ரிப்பன்தான் அந்த ஊரின் சோறு. வீட்டின் மேல்மாடியில் பெரிய சன்னல் வைத்துத் தறி போட்டிருப்பார்கள். காஷ் சகோதரர்கள் 1857-ல் தொடங்கி வரிசை வீடுகள் கட்டி, கீழே குடித்தனம், மேலே தறி, எல்லாத் தறிக்கும் பொதுவாக ஒரே நீராவி இயந்திரம் என்று ஏற்பாடு செய்தார்கள். 1860-ல் பிரான்சுடன் வர்த்தக ஒப்பந்தம் வந்தது; பிரெஞ்சு ரிப்பனுக்கு இருந்த சுங்க வரி நீங்கியது. ஊரே படுத்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்த கைகள் வேறு வேலை தேடின. முதலில் தையல் இயந்திரம். 1860-களின் கடைசியில் சைக்கிள். 1885-ல் இன்றைய சைக்கிளுக்கு முன்னோடியான 'ரோவர்' பாதுகாப்புச் சைக்கிள். 1896-ல் ஒரு பழைய பஞ்சாலைக் கட்டடத்தில் டெய்ம்லர் கார் கம்பெனி. ரிப்பன் ஊர் கார் ஊராக மாற நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

நம் வட்டாரத்தில் வசிப்பவர்களுக்கு இந்தக் கதையில் ஏதோ தெரிந்த முகம் தட்டுப்படும். அதற்கு முன்னால் காஞ்சிபுரத்துக்குப் போய்விட்டு வருவோம்.

உடலோடு ஒட்டிப் பிறந்த நாடா

தனியாக இருந்த நாடா மிஷினுக்குப் போய்விட்டது. சேலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த நாடா போகவில்லை. அதுதான் காஞ்சிபுரம் கரை.

காஞ்சிபுரம் பட்டு என்றதும் ஜரிகை, மயில், ருத்ராட்சம், கோபுரம் என்று பேசுவார்கள். பிள்ளையார்பாளையத்துப் பழைய நெசவாளியிடம் கேட்டுப் பாருங்கள். கஷ்டமான வேலை எது என்றால் "கோர்வை" என்பார். பச்சை உடல், அரக்குக் கரை என்று ஒரு சேலை. உடலில் பச்சையைத் தவிர வேறு நிறம் இல்லை. கரையில் அரக்கைத் தவிர வேறு நிறம் இல்லை. பார்க்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

பாவில் அந்த நிறங்களை வைப்பது சுலபம்தான். நடுவில் பச்சைப் பாவு, இரண்டு ஓரத்திலும் அரக்குப் பாவு. சங்கடம் ஊடையில். பச்சை ஊடையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடவிட்டால், அரக்குப் பாவின் மேல் பச்சை ஏறி, கரை பழுப்படித்துப் போகும். கரை சுத்தமான அரக்காக இருக்க வேண்டுமென்றால் அதற்கு அரக்கு ஊடைதான் போட வேண்டும். அதாவது ஒரே வரிசையில் மூன்று நாடா: இந்தக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, அந்தக் கரைக்கு ஒன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்ப வேண்டும். இதுதான் கோர்வை. ஒவ்வொரு வரிசைக்கும் இப்படி. ஒரு சேலை முடிவதற்குள் பத்தாயிரம் தடவைக்கு மேல்.

நெசவு பீரியடில் சொன்ன ஓரத் திருப்பம் ஞாபகமிருக்கிறதா? நாடாவில் ஓர் இழை தன்னந்தனியாகத் திரும்பியது. இங்கே இரண்டு கை இரண்டு இழையைச் சம இழுப்பில் திருப்ப வேண்டும். ஒருவர் இறுக்கி இன்னொருவர் தளர்த்தினால் கரை வளையும், சேர்மானத்தில் ஓட்டை விழும்.

ஜரிகை நெருக்கமாக நெய்த கரையில் அடித்தளத்தின் நிறக் கலப்பு கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆக, பூவும் கோடும் அடைத்த கரையைக் கோர்வை இல்லாமலும் ஒப்பேற்றிவிடலாம். வெறும் ஒற்றை நிறக் கரையை ஒப்பேற்ற முடியாது. சாதாவாக இருப்பதுதான் அங்கே செலவு பிடிக்கும் சங்கதி! இரண்டு கரையும் இரண்டு நிறமாக வரும் கங்கா ஜமுனா சேலையில் தொல்லை இன்னும் அதிகம். முந்தானையை வேறு நிறத்தில் தொடங்க, பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்க்கும் 'பேட்னி' வேலையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

இப்போது ஜான் கே-யின் பறக்கும் நாடா ஏன் இந்த இடத்தில் தோற்றது என்பது விளங்கும். அது கயிற்றை இழுத்தால் ஒரு கோடியில் கிளம்பி மறு கோடியில்தான் நிற்கும். நடுவழியில் நின்று கரைக்காரனோடு கைகுலுக்கிவிட்டுத் திரும்ப அதற்குத் தெரியாது. பூ போட 'அடை' கட்டிய காலம் போய் ஜக்கார்டுப் பெட்டி வந்தது. அது பாவைத் தூக்கும் வேலையைத்தான் எளிதாக்கியது. கோர்வை கையோடுதான் நின்றது. பலகையை அடிக்க ஓர் ஆள். மறுபக்கக் கரைக்கு இன்னோர் ஆள்.

அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்

அந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். சேலையில் அவர் பெயர் இருக்காது. நெசவாளி பெயரும் இருக்காது என்பது வேறு விஷயம். சங்கத்துப் பதிவேட்டில் தறிக்கு ஒரு பெயர்தான். கூலி தறிக்குத்தான் வரும். அதிலிருந்து அந்தப் பக்கத்து ஆளுக்கு எவ்வளவு என்பது வீட்டுக்குள் அல்லது வாய்ப்பேச்சில் முடிகிற கணக்கு.

யார் அவர்? மனைவி, தங்கை, வயதான அப்பா. ஆள் இல்லாத வீட்டில் பக்கத்துத் தெருப் பையன். பெரும்பாலும் பிள்ளைகள். சின்ன விரல் கோர்வைக்கு வாகு என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது ஒரு சாக்கு என்றுதான் படுகிறது. சின்ன விரலுக்குக் கொடுக்க வேண்டிய கூலியும் சின்னது, அதுதான் விஷயம். முன்பணம் கொடுத்துப் பிள்ளையைத் தறிக்கு வாங்கிக்கொள்வார்கள்; அந்தக் கடன் அடையவே அடையாது.

நானும் பத்து வயது முதல் நான்கு வருடம் எங்கள் வீட்டுத் தறியில் அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். எங்கள் வீட்டில் முன்பணம், கடன் என்ற பேச்சு இல்லை. காலையில் பள்ளிக்கூடம், மாலையில் கோர்வை. குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி, "டேய், கண்ணு எங்க இருக்கு? கரை வளையுது பார்" என்ற அப்பாவின் குரல். ஆயா சுவரோரம் தார் சுற்றிக்கொண்டிருப்பார். அதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கலை என்று சொல்லவும் வரவில்லை. ஆறு மணிக்கு வெளியே பையன்கள் கில்லி விளையாடும் சத்தம் கேட்கும்.

இந்தக் கேள்வி நம் மாநில அரசியலையே ஒருமுறை உலுக்கியது என்பதை இன்றைய மாணவர்கள் அறிய வேண்டும். 1953-ல் ராஜாஜி ஆட்சியில் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு மாற்றுத் திட்டம் வந்தது. பாதி நேரம் பள்ளி; மீதி நேரம் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது அது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1954-ல் காமராசர் முதல்வரானதும் அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பில் முன்நின்றவர்களில் ஒருவரான அண்ணா, காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் 1909-ல் பிறந்தவர். நெசவாளர் துயர் தீர்க்கக் கைத்தறித் துணியைத் தெருவில் கொண்டுபோய் விற்ற அதே இயக்கம், நெசவாளியின் பிள்ளை தறியில்தான் உட்கார வேண்டும் என்பதை ஏற்கவில்லை. இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தறிக்கு அதன் விளைவு என்ன என்று அப்போது யாரும் கணக்குப் போட்டதாகவும் தெரியவில்லை.

திட்டம் போனாலும் பிள்ளைகள் தறியில்தான் இருந்தார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் காஞ்சிபுரத்துக்கும் வந்தன. 2003-லும்கூட ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றிய தன் அறிக்கையில் காஞ்சிபுரத்தைச் சேர்த்தே எழுதியது. அதற்குப் பின்னான ஆண்டுகளில்தான் நிலைமை நிஜமாக மாறியது. சோதனைகள், சத்துணவு, பள்ளிகள், 2010-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எல்லாம் சேர்ந்து, அந்தப் பக்கத்து இருக்கை காலியாகத் தொடங்கியது. காலியான அந்த இருக்கைகளிலிருந்து எழுந்தவர்களில் கொஞ்சம் பேர் நம் கல்லூரிக்கும் வந்தார்கள். கரையை விட்டுப் பட்டத்துக்கு வந்தவர்கள்.

கம்பெனி பஸ்

இதே காலத்தில் கிழக்குப் பக்கம் இன்னொரு மாற்றம். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது. 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2000-இல் செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. கோவென்ட்ரியில் நாற்பது ஆண்டு பிடித்த கதை இங்கே பதினைந்து, பதினாறு ஆண்டுகளில் நடந்தது.

ஆனால் வரிசை வேறு. அங்கே ரிப்பன் முதலில் செத்தது. பிறகு கைகள் வேறு தொழிலுக்குப் போயின. இங்கே கரை சாகவில்லை. கல்யாணப் பட்டுக்குக் கிராக்கி குறையவில்லை. 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விடியற்காலையில் வாலாஜாபாத், காஞ்சிபுரம் நிறுத்தங்களில் கம்பெனி பஸ் வந்து நின்றது, அவ்வளவுதான். மாதச் சம்பளம், சீருடை, கேண்டீனில் சாப்பாடு. தறியில் நல்ல கூலி வந்த மாதமும் உண்டு, பாவு வராமல் சும்மா இருந்த மாதமும் உண்டு. ஐ.டி.ஐ. முடித்த பையன் எந்தப் பக்கம் போவான்? பெண் வீட்டார் கேட்கிற முதல் கேள்வியே "மாப்பிள்ளை கம்பெனியிலா, தறியிலா?" என்று ஆகிவிட்டது.

கம்பெனி என்றால் நிரந்தரம் என்று யாரும் ஏமாற வேண்டாம். ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கும் இளம்பெண்களுக்கும் வேலை தந்த அந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. தொடங்கி ஒன்பது வருடம்கூட முழுசாக ஆகவில்லை. பிறகு அதே வளாகத்துக்கு வேறு கம்பெனி வந்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒவ்வொரு ஆண்டும் ஒரு கேள்விக்குறி. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள்.

தறியில் முதலில் குறைந்தது அந்தப் பக்கத்து ஆள்தான். பிள்ளை பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனான், தம்பி கம்பெனிக்குப் போனான். பெரியவர் ஒருவருக்குக் கூலி கொடுத்து உட்கார வைத்தால் சேலைக் கூலியில் பாதிக்கு அடுத்து நிற்கிறது. அதனால் தனி ஆளாக நெய்யக்கூடிய சேலைக்கு மாறினார்கள். ஒரு பக்கம் மட்டும் கரை. அல்லது கோர்வை இல்லாத கரை. அல்லது உடலும் கரையும் ஒரே நிறம். கடையில் எல்லாமே காஞ்சிபுரம் பட்டுதான். நாடு முழுவதும் கைத்தறியில் இருந்தவர்கள் 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சம், 2019-20-ல் 35.22 லட்சம். பத்தாண்டில் எட்டு லட்சம் பேர். கைத்தறிக்கென்று 1985-ல் சட்டம் போட்டு ஒதுக்கிய 22 வகைத் துணிகளும் 1996-ல் பதினொன்றாகச் சுருங்கிவிட்டன. 2015 ஆகஸ்ட் 7 அன்று முதல் தேசியக் கைத்தறி நாளைச் சென்னையில்தான் தொடங்கி வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் விழா மேடையில் பேசப்படுவது நெசவாளியின் கை. தறிக்கோ நான்கு கை வேண்டும்.

மிஷினால் எடுக்க முடியாத வேலை, ஆள் கிடைக்காமல் குறைகிறது. தொழில் வரலாற்றில் இது அடிக்கடி பார்க்கிற சங்கதி இல்லை. பிள்ளைகள் எழுந்து போனது சரி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த இடத்தில் வயது வந்த ஓர் ஆள், அவருக்கென்று தனிப் பெயர், தனிக் கூலி என்று உட்கார வைத்திருக்க வேண்டும். சேலை விலையில் அந்தக் கூலி ஏறியிருக்கும். ஏறினால் ஏறட்டும். லட்ச ரூபாய்க்குப் பட்டு வாங்குகிறவர்கள் ஜரிகைக்குக் கொடுக்கத் தயங்குவதில்லை. கோர்வைக்குக் கொடுக்க மட்டும் அவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் யாரும் சொல்வதில்லை.

சீட் பெல்ட்டும் கோர்வையும்

கார்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் மாணவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை சீட் பெல்ட்டைத் தொட்டிருப்பார்கள்! அதுவும் சாட்சாத் சாதா நாடாதான். 1959-ல் ஸ்வீடனின் வோல்வோ கம்பெனியில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் மூன்று இடத்தில் பிடிக்கும் பெல்ட்டை அமைத்தார். நம் நாட்டில் 1993-ல் திருத்திய மோட்டார் வாகன விதிகள் புது வண்டிகளின் முன் இருக்கைகளுக்கு அதைக் கட்டாயமாக்கின. பாலியஸ்டர் நூல், ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் அகலம், பாவு நெருக்கம். அதை நெய்யும் ஊசித் தறியில் நம் பழைய நாடா ஓடுவதில்லை. வளைந்த ஊசி ஒன்று ஒரு பக்கத்திலிருந்து ஊடையை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்புகிறது. மறு ஓரத்தில் சின்னக் கொக்கி ஒன்று அந்த வளையத்தைப் பிடித்து முந்தைய வளையத்தோடு பின்னிப் பூட்டுகிறது. அடுத்த முறை பெல்ட் போடும்போது இரண்டு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு ஓரம் வழவழப்பாகவும் மறு ஓரம் மெல்லிய சங்கிலிப் பின்னலாகவும் இருக்கும். பின்னல் இருக்கும் பக்கத்தில்தான் அந்தக் கொக்கி இருந்தது. நிமிடத்துக்கு ஆயிரம் தடவை என்ற கணக்கில் அது செய்வதும், பிள்ளையார்பாளையத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் செய்ததும் ஒரே மாதிரி வேலை: வந்த இழையைப் பிடி, கொக்கி போடு, திருப்பி அனுப்பு. ஒன்று மட்டும் வித்தியாசம். கொக்கிக்கு இரண்டு நிறத்தைச் சந்திக்க வைக்கும் வேலை இல்லை.

சங்கமத்துக்கு வரும் நண்பர்கள் பலர் குடும்பத்தோடு காந்தி ரோட்டுக் கடைகளுக்கும் போவீர்கள். அவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. சேலையைப் பிரித்து, கரையும் உடலும் சேரும் கோட்டைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கோர்வையாக இருந்தால் உடலின் நிறம் அந்தக் கோட்டோடு நின்றுவிடும். கரைக்குள் ஓர் இழைகூட நுழைந்திருக்காது. விரலை அதன் மேல் ஓட்டினால் சிறு தடிப்பு தட்டுப்படும். பிறகு மறு கரையையும் இப்படியே பாருங்கள், ஏனென்றால் பல சேலைகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கோர்வை. இரண்டு பக்கமும் தடிப்பு இருந்து, கோடும் கோணாமல் நேராக ஓடினால், அதை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நெய்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு என்ன கூலி கொடுத்தீர்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.